யாக்கோபு காட்டும் இருக்கை

யாக்கோபு திருமுகத்தை வெறும் அறிவுரைத் தொகுப்பாகவே நம்மில் பலர் வாசிக்கின்றோம். ஏவல் வினைகள் மலிந்திருப்பதால் அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆயினும் இரண்டாம் அதிகாரம் ஒரு நாடகக் காட்சியுடன் தொடங்குகின்றது. பொன் மோதிரம் அணிந்த செல்வரும், அழுக்கு உடை உடுத்திய ஏழையும் தொழுகைக்கூடத்தினுள் நுழைகின்றனர். முன்னவருக்கு நல்ல இருக்கை. பின்னவருக்கு நிற்க இடம், அல்லது கால்மாட்டில் தரை. வந்த இருவரும் வாய் திறப்பதில்லை. பேசுபவர், இடம் காட்டும் நம்பிக்கையாளர் ஒருவரே. ஆசிரியர் முதலில் விசாரணைக்கு நிறுத்துவதும் அவரைத்தான்.

1522இல் மார்ட்டின் லூத்தர் இத்திருமுகத்தை வைக்கோலுக்கு ஒப்பிட்டார். நம்பிக்கையா, செயலா என்னும் அவ்விவாதத்தில் நாம் செயலின் பக்கம் நின்றோம். (அதில் நமக்குச் சற்றுப் பெருமையும் உண்டு!) ஆனால் செயல் என்றதும் காணிக்கையும் நோன்பும் நினைவுக்கு வருகின்றன, இருக்கை வருவதில்லை. தமிழக ஆலயங்களில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கியதும், கல்லறைத் தோட்டங்களில் சுவர் எழுப்பியதும் நம் வரலாறு. 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமிழக ஆயர்களிடமே இப்பிரிவினையைக் கண்டித்துப் பேச நேர்ந்தது.

வாசக நூலும் இதற்கு ஓரளவு துணைபோகின்றது. இரண்டாம் ஆண்டின் பொதுக்காலம் 23ஆம் ஞாயிறன்று இருக்கைக் காட்சி ஐந்தாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றது. அடுத்த ஞாயிறு, 14ஆம் வசனத்திலிருந்து, செயலற்ற நம்பிக்கை பற்றிய பகுதி. ஆளைப் பார்த்துச் செயல்படுவது பாவம் என்று கூறும் ஒன்பதாம் வசனம் இடையில் விடுபட்டுப்போகின்றது. மறையுரையாளர் அதனையும் சேர்த்தே வாசித்து விளக்குதல் நன்று.