மகனுக்கு ஃபிளாட், அப்பாவின் பிஎஃப்

சென்னையில் நாவலூரிலோ சிறுசேரியிலோ கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 80 சதவீதத்துக்கு மேல் தராது. 64 லட்சம் கடன் போக, 16 லட்சம் கையிலிருந்து போட வேண்டும். ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் 4 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 7 சதவீதம், ஏறக்குறைய ஐந்தரை லட்சம். இந்தப் பதிவுச் செலவைக் கடன் கணக்கில் சேர்க்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. அலமாரி, சமையலறை மரவேலை எல்லாம் இதற்குப் பிறகு. ஆக, சாவி வாங்குவதற்குள் 25 லட்சத்துக்கு மேல் கைக்காசு வேண்டும். முப்பது வயதில் வாடகையும் கொடுத்துக்கொண்டு இவ்வளவு சேர்த்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் ஊரில் இருக்கும் அப்பாவின் பிஎஃப், கிராஜுவிட்டி, அம்மாவின் நகை, எப்போதோ வாங்கிப் போட்ட மனை எல்லாம் சென்னைக்கு வந்து சேர்கின்றன.

இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். கணக்கும் அதன் பக்கமே இருக்கிறது. 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், பெற்றோர் தரும் ஒவ்வொரு 10 லட்சமும் மாதத் தவணையில் 8,678 ரூபாயைக் குறைக்கிறது. மொத்த வட்டியில் மிச்சம் ஏறக்குறைய 10.8 லட்சம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வருமான வரியும் இல்லை. அதே 10 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருந்தால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் தரும். மாதத்துக்கு ஏறக்குறைய 6,800. அந்த வட்டி வரிக்கும் உட்பட்டது. வீடு முழுவதற்கும் ஒரே பணப்பை என்றால் எடுத்துக் கொடுப்பதே மேல்.

ஆனால் பணப்பை ஒன்றல்ல. மிச்சம் மகன் கணக்கில் விழுகிறது, இழப்பு அப்பா கணக்கில். மகன் அந்த 6,800 ரூபாயை மாதாமாதம் ஊருக்கு அனுப்பினால் அப்பாவின் வருமானம் குறையாது, மகனுக்கும் கொஞ்சம் மிஞ்சும். எத்தனை வீடுகளில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள்? கேட்பது அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். மகனுக்கோ அது தோன்றுவதே இல்லை. அறுபத்தைந்து வயதில் ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்லும்போது, சுவராகிப்போன பணத்தை எடுத்துக் கட்ட முடியாது. அன்று அதே மகனிடம்தான் கேட்க வேண்டும். அவன் தவணையில் கழுத்துவரை மூழ்கியிருப்பான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பத்திரம். “பெத்த பிள்ளைகிட்ட எழுதி வாங்குறதா?” என்ற ஒரு கேள்வியில் பேச்சு முடிந்துவிடுகிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று பலருக்கும் தெரியாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மகன் இறந்தால் அவன் சொத்து மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் போகும். அப்பா முதல் வகுப்பு வாரிசே இல்லை. பிஎஃப் பணம் முழுவதையும் கொடுத்தவருக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூடச் சேராது. மகளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவள் உயில் இல்லாமல் இறந்தால் கணவருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கும் போகும். பெற்ற தாய் தந்தையின் முறை அதற்குப் பிறகுதான். பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்துக்குச் சட்டம் தரும் விலக்கு, அவர்கள் கொடுத்த பணத்தில் அவளே வாங்கிய ஃபிளாட்டுக்குப் பொருந்தாது. மருமகளுக்கோ மருமகனுக்கோ பங்கு போவது தவறு என்று நான் சொல்லவில்லை, போக வேண்டியதுதான். கொடுத்தவர்கள் வெறுங்கையோடு நிற்பதுதான் தவறு.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். கவனிப்பார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற அது வழி செய்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் ஃபிளாட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்தது கட்டுமான நிறுவனம், அப்பா அல்ல. அவர் கொடுத்தது பணம். கொடுத்ததையும் நிபந்தனையையும் நிரூபிக்கத் தாள் வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. பணத்தை வங்கி வழியாகவே அனுப்பலாம். கடன் என்றால் புரோநோட்டு எழுதிக்கொள்ளலாம். அதன் ஆயுள் மூன்று ஆண்டுதான் என்பதால் அதற்குள் புதுப்பிக்க வேண்டும். பத்திரத்தில் பெற்றோர் பெயரையும் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் வங்கி பெரும்பாலும் அவர்களையும் கடனாளியாக்கும், முழுக் கடனுக்கும் பொறுப்பாக்கும். ஓய்வுபெற்றவருக்கு இது ஏற்றதல்ல. என் கணிப்பில் சிறந்தது, பதிவு முடிந்த கையோடு பிள்ளை உயில் எழுதுவதும், கடன் தொகைக்குக் குறையாத ஆயுள் காப்பீடு எடுப்பதும். முப்பது வயதுக்காரனை உயில் எழுதச் சொல்வது அபசகுனம் என்று பாட்டி சொல்லலாம். அந்த வருத்தத்தைப் பேசி ஆற்றலாம்.

அடுத்தது கூடப்பிறந்தவர்கள். தமிழ்நாட்டில் 1989லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வந்துவிட்டது. ஆனால் ஃபிளாட்டுக்காக மனையை விற்கும்போது, “உனக்குத்தான் கல்யாணத்துல எல்லாம் செஞ்சாச்சே” என்று சொல்லி அக்காவிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நகையும் சீரும் செய்த நாளில் அது பங்கு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்துச் சொல்கிறார்கள். தம்பியின் ஃபிளாட் கிருகப்பிரவேசத்துக்கு அவளும் தட்டு வரிசையோடு வருவாள், குறை சொல்லமாட்டாள். அவள் பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது இந்த வழக்கத்தின் ஆகப்பெரிய அநியாயம். மகனுக்குக் கொடுக்கும் நாளிலேயே மகளுக்கு என்ன, எப்போது என்று அவள் முன்னால் சொல்லி எழுதிவைப்பதுதான் முறை.

பெற்றோர் கொண்டுவருவது பணம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் வாங்கி விற்றுப் பழகிய கண் அவர்களுடையது. பிள்ளைகள் நீச்சல் குளத்தையும் ஜிம்மையும் பார்க்கும்போது அவர்கள் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் கேட்கிறார்கள், பிரிக்கப்படாத நிலப் பங்கான யுடிஎஸ் எத்தனை சதுர அடி என்று விசாரிக்கிறார்கள், முன்பு இங்கே ஏரி இருந்ததா என்று டீக்கடையில் கேட்டுப்பார்க்கிறார்கள். 2014இல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த ஊரில், 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட ஊரில், அந்த விசாரணை 10 லட்சத்தைவிட மதிப்புள்ளது. எனினும் ‘வாடகை வீண்’ என்று அவசரப்படுத்துவதும் இவர்களே. 64 லட்சம் கடனுக்குத் தவணை ஏறக்குறைய 55,500 ரூபாய். அதே ஃபிளாட்டின் வாடகை பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே. வேலை எந்த ஊரில் நிலைக்கும் என்று தெரியாத பிள்ளைக்கு இரண்டு வருட வாடகை நட்டமே அல்ல.

எவ்வளவு கொடுக்கலாம்? ஓய்வூதியமோ வட்டியோ பெற்றோரின் மாதச் செலவைத் தாங்க வேண்டும், மருத்துவத்துக்கென்று ஒரு தொகை தொடாமல் கிடக்க வேண்டும், அதற்கு மேல் இருப்பதைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஊரில் குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துக் கொடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. மகனுக்கு வேலை போய்த் தவணை நின்றால், சென்னை வீட்டோடு ஊர் வீட்டுக்கும் ஏல நோட்டீஸ் வரும். திரும்பிப் போக அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இடம் இருக்காது.