மணியாச்சித் துப்பாக்கியும் தென்பரைச் சங்கமும்

சீர்காழிக்குப் பக்கத்து எருக்கூரில் பிறந்த நீலகண்ட பிரம்மச்சாரி, இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே வெள்ளையரை ஆயுதத்தால் விரட்ட ஆள் திரட்டினார். அவருடைய பாரத மாதா சங்கத்தைச் சேர்ந்த வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று, தன்னையும் சுட்டுக்கொண்டார். இதே வழியில் சென்ற, ரஷ்யப் பேரரசின் பியாலிஸ்டோக் நகரத்துக் 'கருங்கொடி' அராஜகவாதிகள் குண்டு வீசி ஓய்ந்து அப்போது சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒருவன் துணிந்தால் ஊரே விழிக்கும் என்பதுதான் இரு தரப்பின் நம்பிக்கையும்.

அந்தத் துணிவை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி. சிறையில் இருந்தார், அந்தக் கப்பலும் முடங்கிவிட்டது, வாய் திறந்து பேச வழியில்லை. அந்த இருட்டில் ஆட்சியை ஒரு நாளாவது நடுங்க வைத்தார்கள்.

ஆனால் அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம் மூவாயிரம் பேர் சபதம் எடுத்திருப்பதாகச் சொன்னது. வழக்கில் நின்றவர்கள் பதினான்கு பேர். அப்ரூவர்கள் வாய் திறந்ததும் சங்கம் சிதறியது. நீலகண்டருக்கு ஏழாண்டுச் சிறை. கருங்கொடியினருக்காவது பியாலிஸ்டோக் நெசவாலைத் தொழிலாளரோடு உறவு இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. கடிதம் பேசியது சனாதன தர்மத்தைக் காப்பது பற்றி. சேற்றில் நின்று நாற்று நட்ட பண்ணையாளுக்கு அதில் இடமே இல்லை. இதைத்தான் அந்த வழியின் பெருங்குறையாகக் காண்கிறேன்.

எங்கள் திருவாரூர்ச் சீமையில் வேறொரு வழி பிறந்தது. 1943இல் மன்னார்குடிப் பக்கம் தென்பரையில், பி. சீனிவாச ராவின் உழைப்பில் விவசாயிகள் சங்கம் அமைந்தது. கன்னடம் தாய்மொழியான அந்த மனிதர் சேரிகளில் தங்கி, அங்கேயே உண்டு, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்தார். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் மிராசுதார்கள் பண்ணையாட்களுக்குக் கொடுத்த சவுக்கடியும், தண்டனையாகக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலும் ஒழிந்தன. ஒரு மிராசுதாரைக் கொன்றிருந்தால் அவர் மகன் அதே சவுக்கை எடுத்திருப்பான். அறுவடைக் காலத்தில் ஊரே அரிவாளைக் கீழே வைத்தபோது, சவுக்கு எடுக்க எவருக்கும் துணிவில்லை.

இந்த வழியும் விலை கொடுத்தது. கூடுதல் கூலி கேட்டதற்காக, செங்கொடியை இறக்க மறுத்ததற்காக, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் கூலிக்காரக் குடும்பங்களின் 44 உயிர்களை மிராசுதாரின் ஆட்கள் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 1980இல் நக்சல்பாரி இயக்கத்தினர் அவரை வெட்டிக் கொன்றார்கள்.

இங்கேதான் என் தராசு தடுமாறுகிறது. நீதிமன்றம் கைவிட்ட பிறகு எரிந்த குழந்தைகளுக்காக யார் கணக்குக் கேட்பது? அந்த வெட்டை வெறும் குற்றம் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை. அதைக் கேட்டு ஆறுதல் பெற்ற வீடுகள் இங்கே உண்டு. என்றாலும், அது தீர்த்தது ஒரு மனிதனின் கணக்கை மட்டுமே. கீழத்தஞ்சைக் கூலிக்காரருக்கு நியாயக் கூலியைச் சட்டமாக்கிய ஆண்டு 1969. அதற்குப் பின்னால் இருந்தது பல்லாண்டுச் சங்கப் போராட்டமும் வெண்மணியின் சாம்பலும். அந்தச் சட்டக் கூலியைக்கூட களத்துமேட்டில் நின்று கேட்டு வாங்கச் சங்கம்தான் வேண்டியிருந்தது.