ஃபாக்ஸ்புரோ இன்னும் எத்தனை நாள்?

மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மொழியான விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பான 9.0 வெளிவந்தது 2004 டிசம்பரில். பத்தாவது பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சில் கைவிரித்தது. 2015 ஜனவரியோடு பராமரிப்பும் நின்றது. ஆனாலும் அதில் எழுதிய பில்லிங், ஸ்டாக், சம்பளப் புரோகிராம்கள் விண்டோஸ் 11-லும் ஓடுகின்றன. இதைக் காட்டி 'ஃபாக்ஸ்புரோ சாகாது' என்கிறார்கள் அபிமானிகள். ஓடுவது வேறு, வளர்வது வேறு.

அபிமானத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 'ரிப்ளேஸ் ஆல் விலை வித் விலை * 1.1' என்று ஒரு வரி அடித்தால் போதும், திறந்திருக்கும் சரக்குப் பட்டியல் முழுவதும் பத்து சதவீதம் ஏறிவிடும். இதே வேலைக்கு இன்றைய மொழிகள் பலவற்றில் முன்னும் பின்னும் எத்தனை சடங்குகள்! 1991-இல் 2.0 பதிப்போடு வந்த ரஷ்மோர் உத்தி, இண்டெக்ஸை வைத்தே வேண்டிய பதிவுகளைச் சலித்தெடுத்தது. ஃபாக்ஸ்புரோவை உருவாக்கிய ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தை அடுத்த ஆண்டு வாங்கிய மைக்ரோசாஃப்ட், அந்த உத்தியை ஆக்சஸுக்கும் கொண்டுபோனது.

மறுபக்கம்? ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. 64-பிட் பதிப்பு இல்லை. இவற்றைக்கூடச் சமாளிக்கலாம். சிறு கடையின் கணக்கு 2 ஜிபியைத் தொடப் பல வருடம் ஆகும். எனக்கு உறுத்துவது யூனிகோடு இல்லாதது. வாடிக்கையாளர் பெயராக 'கமலா' என்பதை நகலெடுத்து டெக்ஸ்ட்பாக்ஸில் ஒட்டினால் நான்கு கேள்விக்குறிகள் வந்து நிற்கும். பழைய 8-பிட் எழுத்துருக்களை வைத்துத் தமிழில் பில் போட்டவர்கள் உண்டு. அந்த எழுத்துருவில் அடித்த பெயரை அப்படியே இணையத்துக்கு அனுப்பினால் குப்பையாகத்தான் தெரியும். தமிழில் நடக்கும் வியாபாரத்துக்கு இது சில்லறைக் குறையல்ல.

வயதாகிவிட்டது என்று சொல்லி இதை ஒதுக்குவதை மட்டும் ஏற்க முடியாது. கோபால் 1959-இல் உருவானது, எஸ்க்யூஎல் 1970-களில். இரண்டும் இன்னும் சம்பாதிக்கின்றன. அவற்றுக்குப் பொதுத் தரநிலை உண்டு, போட்டி போட்டு வளர்க்கப் பல நிறுவனங்கள் உண்டு. ஃபாக்ஸ்புரோவின் எஞ்சின் மூலநிரலோ ஒரே கம்பெனியின் பெட்டிக்குள். வேடிக்கை என்னவென்றால், ஃபாக்ஸ் பிறந்ததே டிபேஸ் மொழியை இன்னொருவர் திரும்பக் கட்டியதால்தான். அதற்காக டிபேஸின் உரிமையாளரான ஆஷ்டன்-டேட் வழக்கும் போட்டது. டிபேஸ் குடும்பத்தின் இன்னொரு மொழியான கிளிப்பருக்கு ஹார்பர் என்ற திறமூல வாரிசு கிடைத்தது. ஃபாக்ஸ்புரோவுக்கும் எக்ஸ்-ஷார்ப் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. ஆனால் ஃபார்ம் டிசைனர், ரிப்போர்ட் டிசைனர், கமாண்ட் விண்டோ எல்லாம் சேர்ந்ததுதான் ஃபாக்ஸ்புரோ. கட்டளைகளை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனால் பாதி வீடுதான் வந்து சேரும்.

ஆகவே என் தீர்ப்பு: புதிய வேலைக்கு இதைத் தொடவே கூடாது. பழைய புரோகிராம்கள், விண்டோஸ் 32-பிட் செயலிகளை அனுமதிக்கும்வரை ஓடும்; அந்தக் கெடு நம் கையில் இல்லை. அதற்காகப் பதறி எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வேறு மொழியில் எழுதுவதும் வீண்செலவு. முதலில் ஃபாக்ஸ்புரோ டேபிள்களான டிபிஎஃப் கோப்புகளில் உள்ள தரவை போஸ்ட்கிரெஸ் போன்ற சர்வருக்கு மாற்ற வேண்டும். மின்சாரம் போனதும் இண்டெக்ஸ் கெட்டு, கடையே காத்திருக்கும் தொல்லை அத்தோடு ஒழியும். பழைய திரைகள் ஓடிபிசி வழியாக அதே சர்வரோடு பேசிக்கொண்டிருக்கட்டும். பிறகு பில்லிங் திரையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். ரிப்போர்ட்டுகள் கடைசியில் வரட்டும்.