ஓலைக்கு முன்னால் ஒரு கமரா

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. மிஞ்சிய ஏடு எங்கே கிடைத்தாலும் அதை வடிவாகப் படம்பிடித்து வைப்பது நம் கடன். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ திட்டம் ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் சேர்த்து வருகிறது.

ஓலை நீளம், அகலமோ மூன்று விரல்கூட இல்லை. ஆகவே மெகாபிக்சல் கூட்டுத்தொகையை நம்பக்கூடாது. படத்தின் நீளப் பக்கம்தான் கணக்கு. 24 மெகாபிக்சல் கமராவில் அது 6000 பிக்சல். 40 சென்ரிமீற்றர் ஏட்டுக்கு அங்குலத்துக்கு ஏறத்தாழ 380 விழும். சுழிகள் பிரிந்து தெரியும். 12 மெகாபிக்சலில் 250தான். மெகாபிக்சல் பாதியானாலும் நுணுக்கம் பாதியாகக் குறைவதில்லை!

ஒளியில்தான் எனக்குக் கொள்ளை ஆசை. வெள்ளைத் துணியில் வைத்தால் கமரா மயங்கி ஓலையை இருட்டாக்கும். கறுப்பில் வைத்தால் வெளிறவைக்கும். அதனால் மனுவல்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, தாங்கியில் நிறுத்தி மெதுவான ஷட்டர். மை பூசாத கீறலெழுத்தென்றால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்துங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும்.