நோவி சாட் பள்ளியும் செர்பியக் கால்பந்தாட்டத்தின் தரமும்

செர்பியக் கால்பந்தாட்டக்காரர்களின் தொழில்வாழ்வைப் பள்ளி வாரியாகப் பகுத்துக் காண்போர், பெல்கிரேடின் ரெட் ஸ்டாரையும் பார்ட்டிசானையும் முன்னே வைத்துவிட்டு, 1914இல் தோன்றிய நோவி சாட் நகரின் வொய்வோதினாவைக் கடைசியில் ஒப்புக்குச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. கோப்பைகளை எண்ணுவோருக்கு இவ்வரிசை பொருந்தும். ஆட்டக்காரர் உருவான முறையை ஆராய்வோருக்குப் பொருந்தாது.

ரெட் ஸ்டார் பள்ளி தனித்திறனைப் போற்றுவது. மித்திச், ஷெகுலாரட்ஸ், ஜாயிச் எனத் தலைமுறைக்கொருவராகத் தொடரும் ‘நட்சத்திர’ வரிசை இம்மலரின் வாசகர் அறிந்ததே. 1966இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்ற பார்ட்டிசானோ, தன் இளைஞர் அணியிலிருந்தே முதல் அணியை வார்த்தெடுக்கும் கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்றது. அந்த இறுதியாட்டத்தில் கோல் அடித்த வாசோவிச், 1971இல் அஜாக்ஸ் அணியின் தலைவராக நின்று அதே கோப்பையை ஏந்தினார்.

நோவி சாட் பள்ளியின் இயல்பு பொறுமை. அதன் இலக்கணத்தை வகுத்தவர் பெகெச் என்னும் சிற்றூரில் பிறந்த வுயாதின் போஷ்கோவ் என்பதில் இம்மலரைக் கொணரும் சங்கத்தாரிடையே கருத்து வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை. நெடுங்காலம் வொய்வோதினாவின் நடுக்களத்தில் ஆடிய பின்னரே இத்தாலியின் சாம்ப்டோரியாவுக்குச் சென்ற அவர், பின்னாளில் பயிற்சியாளராக 1980இல் ரியல் மாட்ரிட்டுக்கு ஸ்பானிய லீக் பட்டத்தையும், 1991இல் அதே சாம்ப்டோரியாவுக்கு அதன் முதல் இத்தாலிய லீக் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். அவருடைய வேடிக்கைப் பேச்சுகளைத் தொகுப்பதில் இத்தாலியர் காட்டிய ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் அவருடைய பயிற்சி முறையில் நம்மவர் காட்டியிருக்கலாம்.

இப்பள்ளியின் ஆட்டநுட்பத்துக்குச் சான்று சினிஷா மிஹைலோவிச். லியுப்கோ பெத்ரோவிச்சின் பயிற்சியில் 1989இல் வொய்வோதினா யூகோஸ்லாவியப் பட்டம் வென்றபோது அதன் இடப்புறத்தில் ஆடிய அவரும், அந்தப் பயிற்சியாளரும், 1991 மே மாதம் பாரி நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் மார்செய் அணியைப் பெனால்ட்டியில் வென்ற ரெட் ஸ்டாரில் இருந்தனர் என்பதைப் பெல்கிரேடு எழுத்தாளர்கள் ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றனர். 1992இல் ரோமா அணியில் போஷ்கோவின் கீழும், பிறகு சாம்ப்டோரியா, லாட்சியோ, இன்டர் அணிகளிலும் ஆடிய மிஹைலோவிச், ஃப்ரீ கிக்கில், அதாவது எதிரணியின் தவறுக்காக வழங்கப்படும் நிறுத்தப் பந்து உதையில், இத்தாலிய லீக்கில் நேரடியாக 28 கோல்கள் அடித்தார். 1998 டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் மூன்றை இவ்வாறே அடித்தார். பயிற்சி முடிந்து பிறர் வீடு திரும்பிய பிறகும் மைதானத்தில் நின்று உதைத்துப் பழகுவோருக்கே கைகூடும் கலை இது.

இக்காலத்தில் அவ்வாறு நிற்க எவருக்கும் நேரமில்லை. யூகோஸ்லாவியாவில் 1970களிலும் 1980களிலும் பொதுவாக 28 வயது நிறையும்வரை வெளிநாட்டுக் கழகத்தில் சேர இயலாதிருந்த விதியால்தான் ஜாயிச் 1975இல், தம் 29ஆம் வயதில், பாஸ்தியாவுக்குச் சென்றார். அவ்விதி கடுமையானதே, எனினும் மூத்தோரும் இளையோரும் ஒரே உடைமாற்று அறையில் பல பருவங்கள் கழிக்க அது வகைசெய்தது. இன்றோ 18 வயதுச் சிறுவனை முகவர் அழைத்துச் செல்கிறார், கழகம் விற்ற பணத்தில் கடனடைக்கிறது, கற்பிக்க வேண்டிய மூத்தவர் எவரென்றே சிறுவனுக்குத் தெரிவதில்லை. செர்பியா 2010, 2018, 2022 உலகக் கோப்பைகளிலும் 2024 ஐரோப்பியப் போட்டியிலும் முதற்சுற்றோடு வெளியேறியதும், 2012, 2016, 2020 ஐரோப்பியப் போட்டிகளுக்குத் தகுதியே பெறாததும், பயிற்சியாளர்கள் அடிக்கடி மாறியதும், ஏன், உள்ளூர் ஆட்டங்களில் இருக்கைகள் காலியாகக் கிடப்பதும் இவ்வொரு குறையின் விளைவுகளே என்று கொள்வது மிகையாகாது. இளம்வயதில் பார்ட்டிசானைவிட்டு இத்தாலி சென்ற விளாஹோவிச்சின் வளர்ச்சியை எடுத்துக்காட்டி இதை மறுப்போர் உண்டு. விதிவிலக்கைக் கொண்டு விதியை அளப்பது முறையன்று.

நான்கு பருவங்கள் நோவி சாட்டில் ஆடிய பின்னரே 2010இல் குரோனிங்கனுக்குச் சென்ற துஷான் தாதிச், 2019இல் அஜாக்ஸைச் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்கு இட்டுச்சென்றார் என்பது இக்கருத்துக்கு அரண். செர்கெய் மிலின்கோவிச்-சாவிச் முதல் அணியில் ஒரே பருவம் ஆடிவிட்டு 2014இல் பெல்ஜியத்தின் கெங்க் அணிக்குச் சென்றது உண்மையே. ஆனால் அப்பருவத்தில்தான் வொய்வோதினா செர்பியக் கோப்பையை முதன்முறையாக வென்றது என்பதால், அவர் காலத்தை இங்கு நீட்டித்துக் கணக்கிடுவதில் தவறில்லை. இக்காலத்தின் அவசரம் குறித்து இங்கே சொல்லப்பட்டவை பொதுப்படையானவை; இம்மலரைக் கொணரும் சங்கத்தின் மூத்தோரையோ, அவர்தம் மேற்பார்வையில் மாலைதோறும் நடைபெறும் பயிற்சியையோ அவை எவ்வகையிலும் சாரா.