91-வது ராத்திரி

லண்டனில் உங்களுக்கு ஒரு ஃப்ளாட் இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஆசைக்கென்ன காசா பணமா! மாச வாடகைக்கு விட்டால் ஒரு குடும்பம் குடியிருக்கும். ராத்திரிக் கணக்கில் டூரிஸ்டுகளுக்கு விட்டால் கூடுதலாகக் கிடைக்கும். எதைச் செய்வீர்கள்? அதையேதான் பலரும் செய்கிறார்கள். ஆனால் அப்படிக் கைமாறும் ஒவ்வொரு ஃப்ளாட்டும் உள்ளூர்க்காரனுக்கு ஒரு வீடு குறைவு.

இதைத் தடுக்க லண்டனில் 2015-ல் ஒரு விதி வந்தது. முழு வீட்டை வருஷத்துக்கு 90 ராத்திரிதான் இப்படி விடலாம். மேலே போனால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். சரி, 91-வது ராத்திரியை யார் எண்ணுவது? பதிவேடு வைக்காமலேயே விதி போட்டுவிட்டார்கள். கவுன்சில் ஆபீசர் வாசலில் நின்று சூட்கேஸ் எண்ணிக் கொண்டிருக்க முடியுமா? 2017-ல் ஏர்பிஎன்பி தானாகவே தன் சைட்டில் 90-க்குப் பூட்டுப் போட்டது. வேறு சைட்டுக்குப் போனால் மறுபடி ஒன்றிலிருந்து கணக்கு. அவ்வளவுதான்!

நியூயார்க் கெட்டிக்கார ஊர். 2022-ல் நிறைவேற்றி, 2023 செப்டம்பர் முதல் அமல்படுத்திய சட்டப்படி, 30 நாளுக்குக் குறைவாக விடுகிறவர் மாநகராட்சியில் பதிய வேண்டும். விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது. வீட்டுக்காரரும் அதே வீட்டில் தங்கியிருக்க வேண்டும். இதெல்லாம்கூடப் பெரிசில்லை. பதிவு சரிபார்க்கப்படாத வீட்டுக்கு சைட் பணத்தைக் கைமாற்றவே கூடாது என்றார்கள் பாருங்கள், அதுதான் சூட்சுமம். ஆபீசர் மாடிப்படி ஏற வேண்டாம், பணமே காவல்காரன். சில மாதங்களிலேயே குறுகிய கால விளம்பரங்களில் பெரும்பாலானவை காணாமல் போயின.

ஆனால் ஒரு குறை. இரண்டு போர்ஷன் வீட்டில் மாடியில் தான் குடியிருந்து, மகன் வந்தால் தங்கட்டுமே என்று கீழ் போர்ஷனைக் காலியாக வைத்திருக்கும் பெரியவர் அதை நாலு நாளைக்கு விட முடியாது. தனி போர்ஷன் என்றால் தனி வீடாம். இருபது ஃப்ளாட்டை வளைத்துப் போட்டு லாட்ஜ் நடத்தியவருக்கும் இவருக்கும் ஒரே பூட்டு.

பார்சிலோனா இன்னும் ஒரு படி மேலே. டூரிஸ்ட் ஃப்ளாட் லைசென்ஸ் 10,101-ஐயும் 2028 நவம்பருக்குள் ஒழித்துவிடப் போவதாக 2024-ல் மேயர் அறிவித்தார். பூஜ்யத்தை எண்ணுவது சுலபம்தான்.

ஒரு வீட்டை ஊரிடமிருந்து பறிப்பவர் வேறு. தன் வீட்டில் ஒரு மூலையைப் பகிர்ந்துகொள்பவர் வேறு. மாநகராட்சிகள் எண்ணக் கற்றுக் கொண்டுவிட்டன. அடுத்து, பிரித்துப் பார்க்கவும் கற்றுக் கொண்டால் தேவலை.