கருஞ்சீரக ஆய்வுகளில் விடுபடும் ஒரு பெருக்கல்

கருஞ்சீரக ரகங்களை ஒப்பிடும் ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வாசித்து வருகிறேன். பல கட்டுரைகள் ஒரே அச்சில்தான் இருக்கு. முதல் அட்டவணையில் எக்டேருக்கு எத்தனை கிலோ விதை. அடுத்ததில் எண்ணெய் எத்தனை சதவீதம். கடைசியில் "இந்த ரகமே சிறந்தது" என்று ஒரு வரி. யாருக்குச் சிறந்தது? அதைத்தான் சொல்வதில்லை.

முதலில் செடியைத் தெளிவாக்கிக்கொள்வோம். நான் பேசுவது நைஜெல்லா சட்டைவா, வட இந்தியாவின் கலோஞ்சி. இமாச்சல், காஷ்மீர் மலைகளில் விளையும் காலா ஜீரா வேறு குடும்பத்துச் செடி. ஆங்கிலத்தில் ரெண்டையும் 'பிளாக் குமின்' என்றே எழுதுவதால், தலைப்பை மட்டும் பார்த்து எண்களை ஒப்பிட்டால் வம்புதான்.

அடுத்த குழப்பம் 'எண்ணெய்' என்ற சொல்லிலேயே இருக்கு. இந்த விதையில் இரண்டு எண்ணெய்கள். ஒன்று கொழுப்பு எண்ணெய்: விதை எடையில் சுமார் 30 முதல் 40 சதவீதம், அதில் பாதிக்கு மேல் பெரும்பாலும் லினோலியிக் அமிலம். இன்னொன்று ஆவியாகும் வாசனை எண்ணெய். இது பெரும்பாலும் ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாது. மருத்துவ ஆய்வாளர்கள் துரத்துகிற தைமோகுயினோன் இந்த வாசனை எண்ணெயின் முக்கியக் கூறு. "எண்ணெய்த் தரம் உயர்ந்தது" என்றால் இதில் எந்த எண்ணெய்?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்க. 'அ' ரகம் எக்டேருக்கு 1000 கிலோ விதை தருது; வாசனை எண்ணெய் 0.5 சதவீதம், அதாவது 5 கிலோ. அதில் தைமோகுயினோன் 30 சதவீதம் என்றால் 1.5 கிலோ. 'ஆ' ரகம் 700 கிலோதான் தருது. ஆனால் வாசனை எண்ணெய் 1 சதவீதம், 7 கிலோ. அதில் 40 சதவீதம் என்றால் 2.8 கிலோ. விதைக்கு 'அ', தைமோகுயினோனுக்கு 'ஆ'. அந்த 40 சதவீதம் வாசனை எண்ணெயில்தான். விதை எடையில் பார்த்தால் வெறும் 0.4 சதவீதம். இதைப் பிரித்துச் சொல்லாத கட்டுரை வாசகரைத் தடுமாற வைக்குது.

எடுத்த முறையும் முக்கியம். நீராவியில் வடித்தது, ஹெக்சேனில் கரைத்தது, செக்கில் ஆட்டியது எல்லாம் ஒரே பொருள் இல்லை. ஒரு பருவத்தில் ஒரு வயலில் பார்த்த வேறுபாட்டை அப்படியே ரகத்தின் குணமாகச் சொல்வதும் அவசரம். மண், தண்ணீர், விதைத்த தேதி எல்லாமே மகசூலை மாற்றும்.

இதில் நஷ்டப்படப்போவது யார்? ராஜஸ்தானில் அக்டோபர் வாக்கில் விதைத்து, கோடை தொடக்கத்தில் அறுக்கிற விவசாயி. சாதாரண மண்டியில் எடைக்குத்தான் காசு. மணத்தைச் சோதித்துக் கூடுதல் விலை கொடுக்கும் ஆள் இல்லாத இடத்தில் அவரிடம் 'ஆ' ரகத்தைப் பரிந்துரைத்தால், 300 கிலோ விதை நஷ்டம் அவர் தலையில். எண்ணெய் வடிப்பவருக்காகவே விளைவிக்கும் ஒப்பந்த வயலில் அதே ரகம் லாபமாக இருக்கலாம்.

அதனால் நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். விதை கிலோ, கொழுப்பு எண்ணெய் கிலோ, தைமோகுயினோன் கிலோ, மூன்றும் எக்டேர் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். பெருக்கல் வாசகரும் போடலாம்தான். ஆனால் அதற்குத் தேவையான எண்களில் ஒன்றாவது பல நேரம் கட்டுரையிலேயே இருக்காது.